'அவ்வினா எழவில்லை': நம் 40 மக்களவை உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

தமிழ்நாட்டிலிருந்து 39 பேர், புதுச்சேரியிலிருந்து ஒருவர் என நீங்கள் 40 பேர் மக்களவையில் இருக்கிறீர்கள். உங்கள் பெயரில் வரும் கேள்விகளையும் அமைச்சர்கள் தரும் பதில்களையும் தொடர்ந்து படித்துவருபவர்கள் நாங்கள். கட்சி பார்க்காமல் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறோம். கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை அமைச்சகத்துக்கு எந்தச் சிரமமும் கொடுக்காமல் திரும்பி வந்துவிடுகின்றன. யார் எத்தனை கேள்வி கேட்டார் என்று பட்டியல் போட்டுப் பாராட்டும் வழக்கம் இதை இன்னும் கெடுத்திருக்கிறது.

2020 செப்டம்பர் கூட்டத்தொடரை நினைத்துப் பாருங்கள். பெருந்தொற்றைக் காரணம் காட்டிக் கேள்வி நேரமே நீக்கப்பட்டது; எழுத்துப்பூர்வ பதில்கள் மட்டும்தான். பொதுமுடக்கத்தில் ஊர் திரும்பும் வழியில் இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர், அவர்கள் குடும்பங்களுக்கு இழப்பீடு தரப்பட்டதா என்று தொழிலாளர் அமைச்சகத்திடம் கேட்கப்பட்டது. அப்படிப்பட்ட தரவு எதுவும் பராமரிக்கப்படவில்லை என்றது முதல் பகுதிக்கான பதில். எனவே அடுத்த வினா எழவில்லை என்றது இரண்டாவது. இரண்டே வரியில் முடிந்தது. அதே கூட்டத்தொடரில் மாநிலங்களவையில் ரயில்வே அமைச்சகத்திடம், புலம்பெயர் தொழிலாளர்களை ஊருக்கு ஏற்றிச் சென்ற ஷ்ராமிக் சிறப்பு ரயில்களில் இறந்தவர்களைப் பற்றி மட்டும் கேட்டபோது, மாநிலக் காவல்துறைகள் தந்த தகவலின்படி செப்டம்பர் 9 வரை 97 பேர் என்று பதில் வந்தது. துயரம் ஒன்றுதான். யாரிடம் எண் இருக்கிறதோ அவரிடம், எண் இருக்கும் அளவுக்குக் கேட்டதுதான் வேறுபாடு.

உங்கள் அலுவலகங்களில் தயாராகும் கேள்விகளில் நாங்கள் அதிகம் பார்க்கும் கோளாறு இதுதான். பகுதி (அ): இப்படியொரு நிலை இருப்பது அரசுக்குத் தெரியுமா? (ஆ): தெரியுமெனில் விவரம் என்ன? (இ): அதற்குக் காரணம் என்ன? (ஈ): எடுத்த நடவடிக்கை என்ன? இந்த அமைப்பில் (அ)வுக்கு 'இல்லை' என்று சொன்னால் போதும், மற்ற மூன்றும் தாமாகவே உதிர்ந்துவிடும். 'ஆம்' என்று சொன்னாலும் கெட்டுப்போவது ஒன்றுமில்லை. நான்கையும் சேர்த்து ஒரு பொது அறிக்கையாக எழுதி, திட்டங்களின் பெயர்களை வரிசைப்படுத்தி முடித்துவிடுவார்கள். ஒவ்வொரு பகுதியும் மற்றதன் தயவில்லாமல் தனியே நிற்க வேண்டும். 'ஆம், இல்லை' என்று பதில் சொல்ல முடிகிற வினாவை முதலில் வைக்கவே கூடாது.

பாக் நீரிணை மீனவர் பிரச்சினையை எடுத்துக்கொள்வோம். உங்களில் பலர் கூட்டத்தொடர் தவறாமல் இதைக் கேட்கிறீர்கள். வெளியுறவு அமைச்சகத்திடம் கேட்கிறீர்கள். மீனவர்களின் பாதுகாப்புக்கும் நலனுக்கும் அரசு மிக உயர்ந்த முன்னுரிமை தருகிறது, கைதுச் செய்தி வந்தவுடன் தூதரக வழிகளில் இலங்கை அரசிடம் எடுத்துச்சொல்லப்படுகிறது, 2016இல் அமைந்த கூட்டுப் பணிக்குழு இருக்கிறது என்று பதில் வருகிறது. ராமேஸ்வரத்தில் விசைப்படகுக்காரர் யாரிடம் கேட்டாலும் இந்தப் பதிலை மனப்பாடமாகச் சொல்வார்.

இதே விஷயத்தில் மீன்வளம், கால்நடை பராமரிப்பு, பால்வள அமைச்சகத்தின் மேஜையில் ஒரு கணக்கு கிடக்கிறது. இழுவை மடி போடும் 2,000 விசைப்படகுகளைப் பாக் நீரிணையிலிருந்து எடுத்துவிட்டு, ஆழ்கடலில் சூரை பிடிக்கும் படகுகளை மீனவர்களுக்குக் கொடுப்பது என்று 2017இல் திட்டம் தொடங்கியது. படகு ஒன்றின் மதிப்பு 80 லட்சம் ரூபாய். ஒன்றிய அரசு 50%, மாநில அரசு 20%, மீனவர் கையிலிருந்து 10%, வங்கிக் கடன் 20%. மூன்று ஆண்டில் முடிய வேண்டிய வேலை. இந்தக் கணக்கைக் கேட்கும் கேள்வியை இப்படி எழுதலாம்:

(அ) இத்திட்டத்தில் ராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சாவூர், நாகப்பட்டினம் மாவட்டங்களில் ஆண்டுவாரியாகப் பெறப்பட்ட விண்ணப்பங்கள், ஒப்புதல் பெற்றவை, கட்டி ஒப்படைக்கப்பட்ட படகுகள் ஆகியவற்றின் எண்ணிக்கை. (ஆ) ஒன்றிய அரசு ஆண்டுவாரியாக விடுவித்த தொகை, பயன்பாட்டுச் சான்றிதழ் பெறப்பட்ட தொகை. (இ) 80 லட்சம் ரூபாய் என்ற அலகு மதிப்பைத் திருத்தக் கோரி மாநில அரசிடமிருந்து வந்த கடிதங்களின் நாள்களும் ஒவ்வொன்றின் மீதும் எடுக்கப்பட்ட முடிவும். (ஈ) வங்கிகள் நிராகரித்த கடன் விண்ணப்பங்களின் எண்ணிக்கை, வங்கிவாரியாக. (உ) புதிய படகு பெற்றவர்களிடமிருந்து உடைக்கப்பட்ட அல்லது அகற்றப்பட்ட இழுவைப் படகுகளின் எண்ணிக்கை.

ஐந்து பகுதிகள்; 150 சொல் வரம்புக்குள் எளிதில் அடங்கும். இதில் எதற்கும் 'எழவில்லை' என்று சொல்ல இடமில்லை. வங்கிவாரியான எண்ணிக்கைக்கு மட்டும் 'தரவு இல்லை' என்று வரக்கூடும். வந்தால் அதுவும் ஒரு செய்திதான்: பயனாளி வாங்க வேண்டிய 20% வங்கிக் கடன் எங்கே சிக்கியது என்பதைத் திட்டத்தை நடத்துபவர்களே பார்க்கவில்லை என்று எழுத்தில் கிடைக்கும்.

மாவட்டவாரி எண்கள் அமைச்சகத்தில் இருக்காது. மாநில மீன்வளத் துறைதான் தர வேண்டும். கேள்வி ஏற்கப்பட்டவுடன் டெல்லியிலிருந்து சென்னைக்குக் கடிதம் வரும். சென்னையில் அது ஒரு வாரம் கிடந்தால், 'தகவல் திரட்டப்படுகிறது, அவையில் வைக்கப்படும்' என்று பதில் போய்விடும். ஆகவே கேள்விக்கான அறிவிப்பை மக்களவைச் செயலகத்தில் கொடுத்த அன்றே மாநிலத் துறைச் செயலாளருக்கும் ஒரு பிரதி அனுப்பிவையுங்கள். இதைச் செய்பவர்கள் மிகக் குறைவு.

ரயில்வேக்கு வேறொரு கவசம் உண்டு. தமிழ்நாட்டுக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள், எத்தனை திட்டம் நிலுவை என்று கேட்டால், ரயில் திட்டங்கள் மாநில எல்லைகளைத் தாண்டிச் செல்வதால் மண்டலவாரியாகவே கணக்கு வைக்கப்படுகிறது, மாநிலவாரியாக அல்ல என்ற முன்னுரையோடு பதில் தொடங்கும். அதைச் சுற்றிப் போக வழி, திட்டத்தின் பெயரைச் சொல்வது. திண்டிவனம்–நகரி, மொரப்பூர்–தருமபுரி, மதுரை–அருப்புக்கோட்டை–தூத்துக்குடி என்று பெயர் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் தேவைப்படும் நிலம் எத்தனை ஹெக்டேர், கையில் வந்தது எத்தனை, மாநில வருவாய்த் துறைக்கு இழப்பீட்டுப் பணம் செலுத்தப்பட்ட நாள்கள் எவை என்று கேளுங்கள். தாமதத்துக்கு மாநிலம்தான் காரணம் என்று அமைச்சர் சொல்வதும், ஒன்றியம்தான் காரணம் என்று மாநிலம் சொல்வதும் அந்த நாள்களை வைத்துத்தான் தீரும். ஒதுக்கீட்டுத் தொகையை மட்டும் கேட்பது வீண். அது ரயில்வேயின் திட்டவாரி ஒதுக்கீட்டுப் புத்தகமான பிங்க் புக்கில் அச்சாகியிருக்கிறது. எளிதில் கிடைக்கும் ஆவணத்தில் உள்ளதைக் கேட்கும் கேள்வியை மக்களவை நடைமுறை விதி 41இன்படி தள்ளிவிட முடியும்.

அந்த விதி 41ஐ உங்கள் உதவியாளர்கள் ஒருமுறையாவது முழுதாகப் படிக்க வேண்டும். வாதம், ஊகம், கிண்டல், அடைமொழி, கருத்துக் கேட்பது, நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ளது, ஏற்கெனவே பதில் தரப்பட்டது, ஒரு பதிலுக்குள் அடங்காத பெரிய கொள்கை, ஒன்றிய அரசின் முதன்மைப் பொறுப்பில் இல்லாதது எல்லாம் தள்ளுபடி. மேடையில் கைதட்டு வாங்கும் சொற்கள் அறிவிப்பில் இருந்தால் கேள்வி செயலகத்தைத் தாண்டாது. மாநிலப் பட்டியல் விஷயமாக இருந்தால் ஒன்றிய நிதி, ஒன்றிய வழிகாட்டு நெறிமுறை, ஒன்றிய அதிகாரிகளின் ஆய்வறிக்கை என ஏதேனும் ஒரு நூலைப் பிடித்துத்தான் உள்ளே போக வேண்டும்.

இனி நட்சத்திரக் கேள்வி, அதாவது அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. ஒரு நாளுக்கு 20 நட்சத்திரக் கேள்விகள்; எழுத்துப்பூர்வ பதிலுக்கு 230 வரை. உங்களில் ஒருவர் பெயரில் ஒரு நாளைக்கு ஐந்துக்கு மேல் வராது, அதில் ஒன்றுதான் நட்சத்திரம். குறைந்தது 15 முழு நாள்களுக்கு முன் அறிவிப்புக் கொடுத்து, குலுக்கலில் இடம் வர வேண்டும். அமைச்சகங்களை ஐந்து பிரிவாக்கி ஆளுக்கொரு கிழமை கொடுத்திருப்பதால், மூன்று வாரக் கூட்டத்தொடரில் ஓர் அமைச்சகம் மூன்று முறைதான் அகப்படும். 11 மணி முதல் 12 மணிவரை ஒரு மணி நேரத்தில் பல நாள்களில் நான்கைந்து கேள்விகளைத் தாண்டுவதே அபூர்வம். 20 கேள்விகளும் எடுக்கப்பட்ட நாள் 2019 நவம்பர் 27. அதற்கு முன் 1972இல். 2009 நவம்பர் 30 அன்றோ பெயர் கொடுத்தவர்கள் வரிசையாக இல்லாமல்போனதால் கேள்வி நேரமே பாதியில் படுத்துவிட்டது. குலுக்கலில் முதல் ஐந்துக்குள் பெயர் வந்தால் அன்று தொகுதியில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் டெல்லியில் இருங்கள்.

எண்களைக் கேட்க நட்சத்திரத்தைச் செலவழிக்காதீர்கள். நீண்ட புள்ளிவிவரம் கேட்டால் எப்படியும் அதை எழுத்துப்பூர்வ பட்டியலுக்கு மாற்றிவிடுவார்கள். முதலில் எழுத்துப்பூர்வ கேள்வியில் எண்களை வாங்குங்கள். பிறகு, அந்த எண்கள் ஏன் அப்படி இருக்கின்றன என்பதை அடுத்த வாரமோ அடுத்த கூட்டத்தொடரிலோ நட்சத்திரத்தில் கேளுங்கள். இந்த இரண்டடி வழியை 40 பேரும் பேசிவைத்துக்கொண்டு செய்யலாம்; முதல் கேள்வியைத் தென்காசிக்காரர் கேட்க, இரண்டாவதை நாகைக்காரர் கேட்பதற்குத் தடையேதும் இல்லை. இப்போது நடப்பதோ வேறு: ஒரே வாசகத்தைப் பல பெயர்களில் போட்டுக் குலுக்கலில் அதிர்ஷ்டம் பார்க்கிறார்கள். அவை ஒன்றாகச் சேர்க்கப்பட்டு ஒரே பதிலாக வருகின்றன. கணக்கில் பலர், கையில் ஒரு தாள்.

நட்சத்திரக் கேள்விக்கு வந்த பதிலின் மீது அவையிலேயே எழுந்து கேட்கும் துணைக் கேள்விதான் இந்த ஏற்பாட்டின் உயிர். எழுத்துப்பூர்வ பதில் மேசையில் வைக்கப்பட்டதாகக் கொண்டு நேரே துணைக் கேள்விக்குப் போவார்கள். கேள்விக்கு உரியவருக்கு இரண்டு வாய்ப்பு. மற்றவர்களுக்குச் சபாநாயகர் அனுமதித்தால் ஒன்று. அமைச்சரிடம் ஒரு கோப்பு இருக்கும், அதில் நீங்கள் என்னென்ன கேட்கக்கூடும் என்று அதிகாரிகள் ஊகித்து எழுதிய குறிப்புகள் இருக்கும். 'என் தொகுதிக்கு இது எப்போது வரும்' என்பது அதில் முதல் பக்கத்திலேயே இருக்கும். ஒன்றரை நிமிடம் பேசி, மூன்று வினாக்களை ஒன்றாகக் கட்டி வீசினால், எளிதான ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லி அமர்ந்துவிடுவார். அதே அமைச்சகம் முன்பு தந்த பதிலின் எண்ணையும் நாளையும் சொல்லி, அன்றைய எண்ணுக்கும் இன்றைய எண்ணுக்கும் உள்ள வேறுபாட்டுக்கு ஒரே வாக்கியத்தில் காரணம் கேளுங்கள். அந்தக் கோப்பில் அதற்குப் பக்கம் இருப்பது அரிது. தொழிலதிபர் முந்த்ராவின் நிறுவனப் பங்குகளை அரசின் ஆயுள் காப்பீட்டுக் கழகம் வாங்கிய முந்த்ரா விவகாரம் 1957 செப்டம்பரில் அவையில் எழுந்த ஒரு கேள்வியில்தான் தொடங்கியது. கிடைத்த பதிலோடு விடாமல் காங்கிரஸ் உறுப்பினர் பெரோஸ் காந்தி டிசம்பரில் அந்தப் பங்கு வாங்கலை விவாதத்துக்குக் கொண்டுவந்தார். அதை விசாரிக்க சக்ளா ஆணையம் அமைந்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். ஆளும் கட்சி உறுப்பினர் கேட்ட கேள்வி அது என்பதை உங்களில் யார் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் நினைவில் வைத்திருக்கலாம்.

பதில் வந்த பிறகு என்ன ஆகிறது? பெரும்பாலும் செய்திக்குறிப்பு, முகநூல் பதிவு, அத்தோடு சரி. 'பரிசீலனையில் உள்ளது', 'பார்க்கிறேன்', 'தகவல் திரட்டப்படுகிறது', 'உறுப்பினருக்கு எழுதுகிறேன்' போன்ற தொடர்கள் அமைச்சர் வாயிலிருந்து வந்தால் அவை உறுதிமொழிகளாகக் கணக்கில் ஏறும். 1953 முதல் இயங்கும் அரசு உறுதிமொழிக் குழு இதற்கென்றே இருக்கிறது. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது விதி. கால நீட்டிப்புக் கேட்டுக் கேட்டே ஆண்டுகள் ஓடும். கடைசியில் உறுதிமொழியைக் கைவிட அனுமதி கேட்டு அமைச்சகம் குழுவிடம் வரும். உங்கள் கேள்வியில் பிறந்த உறுதிமொழி இன்று எந்த நிலையில் இருக்கிறது என்று குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினால் அது சத்தமில்லாமல் கைவிடப்படுவது கடினம்.

பதில் போதவில்லையென்றால் விதி 55இன்கீழ் அரைமணி நேர விவாதம் கேட்கலாம். மூன்று நாள் முன்னறிவிப்பு, உங்களைத் தவிர இருவரின் கையொப்பம், ஒரு விளக்கக் குறிப்பு. திங்கள், புதன், வெள்ளி மாலை 5.30க்கு எடுத்துக்கொள்வார்கள். பதிலில் தவறான தகவல் இருந்தால் சபாநாயகரின் வழிகாட்டுதல் 115 இருக்கிறது. தவற்றைச் சான்றோடு சுட்டி முதலில் சபாநாயகருக்கு எழுத வேண்டும். அமைச்சரின் விளக்கத்தைக் கேட்ட பிறகு அவையில் எழுப்ப அனுமதி கிடைக்கக்கூடும். மாவட்ட அலுவலகத்தில் உள்ள எண்ணும் டெல்லிப் பதிலில் உள்ள எண்ணும் வேறாக இருப்பதைத் தொலைக்காட்சி விவாதத்தில் சொல்லிக் கோபப்படுவதைவிட இது கூர்மையான கருவி.

இன்னொன்று, சுருக்கமாக. அறிவிப்புகள் இப்போது இணையவழியில் போகின்றன. கடவுச்சொல் உங்கள் கையொப்பத்துக்குச் சமம். காசு வாங்கிக் கேள்வி கேட்டதற்காக 2005 டிசம்பரில் 11 உறுப்பினர்கள் பதவி இழந்தார்கள். கேள்வியை யார் எழுதிக் கொடுத்தாலும், அதை அனுப்பும் முன் ஒருமுறை நீங்களே படித்துவிடுங்கள்.

எங்கள் கோரிக்கை பெரிதல்ல. அடுத்த கூட்டத்தொடருக்கான நாள்பட்டியல் வந்ததும் 40 பேரின் உதவியாளர்களும் ஒரு நாள் ஒரே அறையில் உட்காரட்டும். மீன்வளம், ரயில்வே, கல்வி, நீர்வளம் என நான்கு அமைச்சகங்களை மட்டும் தேர்ந்தெடுத்து, யார் எண்களை வாங்குவது, யார் நட்சத்திரத்தில் கேட்பது, யார் உறுதிமொழிகளைப் பின்தொடர்வது என்று பிரித்துக்கொள்ளட்டும். வந்த பதில்களையும் நிலுவையில் உள்ள உறுதிமொழிகளையும் தமிழில் ஒரே இடத்தில் வெளியிடுங்கள். மேலே உள்ள மீன்வளக் கேள்வியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். எங்கள் பெயர் வேண்டாம்.

இப்படிக்கு,
நாடாளுமன்றக் கேள்வி–பதில்களைப் படித்துவரும் வாக்காளர்கள் சிலர்