தீயணைக்க வருபவர் பக்கத்து வீட்டுக்காரர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த காட்டுத்தீ கட்டுரையைப் படித்தேன். தண்ணீர் கொட்டும் விமானங்களைப் பற்றி விரிவாக எழுதியிருந்தீர்கள். தரையில் நின்று அணைப்பவர்களுக்கு ஒரே ஒரு வரிதான். அவர்களில் பெரும்பாலோர் சம்பளமில்லாமல் வருகிறார்கள் என்பதே சிட்னித் தமிழர் பலருக்குத் தெரியவில்லை.

நியூ சவுத் வேல்ஸ் ஊரகத் தீயணைப்புச் சேவையில் சுமார் 70,000 தன்னார்வலர்கள் இருக்கிறோம். 1896-இல் பெரிகன் என்ற சிற்றூரில் ஊர்க்காரர்கள் சேர்ந்து தொடங்கிய வழக்கம் இது. 2019 டிசம்பர் 19 அன்று பக்ஸ்டன் அருகே மரம் விழுந்து தீயணைப்பு வண்டி கவிழ்ந்ததில் ஹார்ஸ்லி பார்க் தன்னார்வத் தீயணைப்புப் படையின் இரண்டு பேர் இறந்தார்கள். இருவர் வீட்டிலும் அப்போதுதான் நடை பழகிய குழந்தை. ஹார்ஸ்லி பார்க் ஏதோ தொலைதூர ஊர் இல்லை. நம்மவர்கள் நிறைந்த பெண்டில் ஹில்லிலிருந்து காரில் அரை மணிகூட ஆகாது.

நான் ப்ளூ மவுண்டன்ஸ் அடிவாரத்தில் ஒரு படையில் மூன்று வருடமாக இருக்கிறேன். சுடர் அடங்கிய பிறகுதான் பாதி வேலையே தொடங்கும். கரிந்த நிலத்தில் அடிமரம் அடிமரமாகப் போய், கையுறையைக் கழற்றிப் புறங்கையை அருகே கொண்டுபோய்ச் சூடு பார்ப்போம். உள்ளே கனன்றுகொண்டிருந்தால் தோண்டித் தண்ணீர் விட வேண்டும். விட்டுவிட்டால் மறுநாள் காற்றில் திரும்பப் பிடித்துக்கொள்ளும்.

போன கோடையில் வீடு வீடாகக் கதவைத் தட்டி எச்சரித்தோம். ஒரு வீட்டில் பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருந்த அம்மா. என்னோடு வந்தவர் ஆங்கிலத்தில் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டுக் கதவைச் சாத்தப் போனார். நான் தமிழில் பேசியதும், “நெருப்பு மலைக்கு அந்தப் பக்கம்தானேம்மா?” என்றார். காற்று தீப்பொறியைக் கிலோமீட்டர் கணக்கில் முன்னால் தூக்கிவந்து போடும், கூரையோர மழைநீர்க் கால்வாயில் கிடக்கும் சருகு போதும் என்று சொன்னேன். உடனே மருந்துப் பையை எடுத்துக்கொண்டு மகனுக்குப் போன் செய்தார்.

2019-20 தீயின்போது நம் சமூகம் தாராளமாகப் பணம் கொடுத்தது, சரி. அப்புறம் ஆளாகவும் வாருங்கள். ஹோஸ் பிடிக்க முடியாதவர்களுக்கு ரேடியோ வேலை உண்டு, சாப்பாடு ஏற்பாடு உண்டு, கதவு தட்டும் வேலை உண்டு. பயிற்சியும் உடுப்பும் தீயணைப்புச் சேவையே தரும். எங்கள் படையில் இன்றைக்குத் தமிழ் பேச நான் ஒருத்திதான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மேற்கு சிட்னி