பனிமூட்டத்துக்கு ஆட்டோலேண்ட், காற்றுக்குக் கை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைப் படித்த பிறகுதான் மனசு நிம்மதியானது. பேப்பர் படிக்க ஆரம்பித்துவிட்டார்களா?

புயல் காற்றில் நீ வந்த விமானம் ஆடி ஆடி இறங்கியதை எழுதியிருந்தாய். "கம்ப்யூட்டரிடம் விட்டிருக்கலாமே" என்று கேட்டிருக்கிறாய். இல்லைடா, அந்த கேப்டன் செய்ததுதான் சரி. கம்ப்யூட்டரே விமானத்தை இறக்கும் ஆட்டோலேண்ட் பிறந்ததே பனிமூட்டத்துக்காக. லண்டனில் 1965 ஜூனில் பயணிகளோடு வந்த ட்ரைடென்ட் விமானம் முதன்முதலாகத் தானே தரை தொட்டதற்குப் பின்னால், அந்த ஊர்ப் பனியோடு பட்ட பல வருஷப் பாடு இருக்கிறது. பக்கவாட்டுக் காற்று என்றால் கதை வேறு. பல விமானங்களில் ஆட்டோலேண்டுக்கான காற்று வரம்பு 20, 25 நாட் (மணிக்குச் சுமார் 37, 46 கி.மீ.) தான். அதற்கு மேல் அடித்தால் பைலட்தான் கையால் இறக்க வேண்டும்.

போன மாதம் ஒரு விடியற்காலை, ஓடுபாதையில் 200 மீட்டருக்கு மேல் எதுவும் தெரியவில்லை. நான் ஓட்டி வந்த விமானத்தை இரண்டு ஆட்டோபைலட்டையும் போட்டு இறக்கினோம். ரேடியோ ஆல்டிமீட்டர் உயரத்தைச் சொல்லிக்கொண்டே வருகிறது. கண்ணாடிக்கு வெளியே வெறும் வெள்ளை. நூறு அடி தாண்டியும் ஒன்றுமில்லை. ஐம்பதை நெருங்கும்போதுதான் நடுக்கோட்டு விளக்குகள் நாலைந்து மங்கலாகத் தெரிந்தன. என்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ரஸ்ட் லீவரிலிருந்து கையை எடுக்கவே இல்லை. காக்பிட்டில் ஒரு எச்சரிக்கை விளக்கு எரிந்தாலும் கோ-அரவுண்ட் போட வேண்டுமே, அதாவது இறங்காமல் மறுபடி மேலே ஏற வேண்டுமே! கையால் இறக்கும்போதுகூட எனக்கு அப்படி வியர்த்ததில்லை.

இன்னொன்று. விமானம் நன்றாக இருந்தால் மட்டும் போதாது, தரையிலிருந்து வரும் சிக்னலும் சுத்தமாக இருக்க வேண்டும். 2011 நவம்பரில் மியூனிக்கில் ஒரு போயிங் 777 ஆட்டோலேண்டில் இறங்கியது. சிக்னலைக் காக்கும் ஏற்பாடு எதுவும் அப்போது அமலில் இல்லை. முன்னால் கிளம்பிய விமானம், ஓடுபாதையின் நடுக்கோட்டைக் காட்டும் லோக்கலைசர் சிக்னலைக் குலைக்க, இது ஓடுபாதையை விட்டு விலகிப் புல்தரையில் போய் நின்றது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. பனி நாளில் விமானங்களை இடைவெளி விட்டு இறக்குவதற்கு இதுவும் ஒரு காரணம். நீங்கள் மேலேயே வட்டமடித்துக் காத்திருப்பது அதனால்தான்.

அடுத்த வாரம் எனக்கு சிமுலேட்டர் செக். தரை தொடப்போகும் நேரத்தில் ஆட்டோபைலட் கழன்றுகொள்வதையெல்லாம் அங்கேதான் கொடுத்துப் பார்ப்பார்கள். அது முடிந்ததும் லீவு போட்டு அம்மாவைப் பார்க்க வருகிறேன். சொல்லி வை.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்