கிரேக்கப் பாடத்தை எழுதப்போகும் பாடநூல் குழுவினருக்கு

பள்ளி வரலாற்றுப் பாடநூல் எழுதும் பெருமக்களுக்கு வணக்கம்.

டியூஷன் எடுக்கும் எனக்குப் பண்டைய கிரேக்கப் பாடம் வரும்போதெல்லாம் ஒரு மனக்குறை. பெரும்பாலான நூல்களில் ஆட்சிக்கு ஒரு பத்தி, தத்துவத்துக்கு ஒரு பத்தி. முதல் பத்தியில் ஏதென்ஸ் மக்களாட்சியின் தாயகம். அடுத்ததில் சாக்ரடீஸ், பிளேட்டோ, அரிஸ்டாட்டில் என்று மூன்று தாடிக்காரர்கள். சாக்ரடீசுக்கு நஞ்சு கொடுத்ததே அந்த மக்களாட்சிதான் என்ற செய்தி இரண்டுக்கும் நடுவில் காணாமல் போய்விடுகிறது. இரண்டையும் ஒரே கதையாக எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

கதையைக் கடனில் தொடங்கலாம். வாங்கிய கடனைக் கட்ட முடியாத உழவர்கள் அடிமைகளாக விற்கப்பட்ட ஊர் ஏதென்ஸ். கி.மு. 594-இல் ஆட்சித் தலைவர் சோலோன் கடன்களைத் தள்ளுபடி செய்து, உடலை அடகு வைத்துக் கடன் வாங்குவதற்குத் தடை போட்டார். கி.மு. 508 வாக்கில் கிளைஸ்தனிஸ் குடிமக்களைப் பத்துப் பிரிவாகக் கலைத்து அடுக்கினார். கடற்கரைக்காரர், நகரத்தார், உள்நாட்டார் எல்லாரும் ஒவ்வொரு பிரிவிலும் இருந்ததால் பழைய பெருங்குடும்பங்களின் பிடி தளர்ந்தது. அப்புறம் லாரியம் சுரங்கத்தில் வெள்ளி கிடைத்தது. அதை ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போட்டுக்கொள்ள நினைத்தவர்களைத் தடுத்து, கப்பல் கட்ட வைத்தார் தெமிஸ்டோகிளிஸ் என்ற தலைவர். ஒரு போர்க்கப்பலுக்குத் துடுப்புப் போட 170 பேர் வேண்டும். நிலமில்லாத ஏழைகள்தான் பெருமளவில் அந்தப் பலகையில் உட்கார்ந்தார்கள். கி.மு. 480-இல் சலாமிஸில் பாரசீகரை வென்று கொடுத்த பிறகு, உங்களுக்கு ஆட்சியில் பங்கில்லை என்று அவர்களிடம் யார் சொல்வது? அந்த வெள்ளியைத் தோண்டியவர்கள் மட்டும் அடிமைகளாகவே இருந்தார்கள். இதையும் எழுதுங்கள்.

மக்களாட்சி என்றதும் நம் பிள்ளைகள் தேர்தலை நினைக்கிறார்கள். ஏதென்ஸில் தளபதிகள் போன்ற சிலரைத்தான் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். 500 பேர் கொண்ட ஆட்சிமன்றமும் பெரும்பாலான பதவிகளும் குலுக்கல்தான். குடவோலை படித்த பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடிபடும். கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் நீதிமன்ற நடுவர்களைக் குலுக்கி எடுக்க ஒரு பொறியே இருந்தது; பிற்காலத்துக் கல் பொறி ஒன்றின் உடைந்த துண்டு இன்றும் ஏதென்ஸ் அகோரா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பலகைக் கல்லில் வரிசை வரிசையாகப் பிளவுகள். அவற்றில் குடிமக்களின் பெயர் வில்லைகளைச் செருகிவிட்டு, பக்கத்துக் குழாயில் கறுப்பும் வெள்ளையுமாக உருண்டைகளைப் போடுவார்கள். வெள்ளை விழுந்தால் அந்த வரிசை முழுக்க அன்றைக்கு நடுவர்கள். கறுப்பு விழுந்தால் வீட்டுக்குப் போகலாம். லஞ்சம் கொடுக்க வருகிறவனுக்கு யாரிடம் கொடுப்பதென்றே தெரியாது!

ஆட்சிமன்றத்துக்கான குலுக்கலில் சாக்ரடீசின் பெயரும் வந்திருக்கிறது. கி.மு. 406-இல், கடற்போரில் வென்றும் மூழ்கியவர்களைக் காப்பாற்றாமல் விட்ட தளபதிகள் எல்லாரையும் ஒரே வாக்கெடுப்பில் தண்டிக்கச் சொல்லி மக்கள் கூச்சலிட்டபோது, அது சட்டத்துக்குப் புறம்பானது என்று மறுத்தவர் அவர். யார் கேட்டார்கள்? ஆறு பேர் கொல்லப்பட்டார்கள். எதிரி நகரமான ஸ்பார்ட்டாவோடு நடந்த போரில் ஏதென்ஸ் தோற்றதும் கி.மு. 404-இல் அந்த ஸ்பார்ட்டாவின் துணையோடு முப்பது பேர் ஆட்சியைப் பிடித்தார்கள். சுமார் 1,500 பேரைக் கொன்றார்கள் என்று பழைய நூல்கள் சொல்கின்றன. அவர்களின் தலைவன் கிரிடியஸ் ஒருகாலத்தில் சாக்ரடீசோடு சுற்றியவன், பிளேட்டோவுக்குத் தாய்வழி உறவு. அந்த ஆட்சிக்குத் துணைநின்ற கார்மிடிஸ் பிளேட்டோவின் சொந்தத் தாய்மாமன். மக்களாட்சி திரும்பியதும் பொதுமன்னிப்பு அறிவித்தார்கள். பழைய அரசியல் குற்றங்களைச் சொல்லி வழக்குப் போட வழியில்லை. கி.மு. 399-இல் சாக்ரடீஸ் மேல் வந்தது தெய்வ நிந்தனை, இளைஞர்களைக் கெடுத்தல் என்ற குற்றச்சாட்டு. வழக்குக்குப் பின்னால் அந்தப் பழைய கோபமும் இருந்தது என்றுதான் எனக்குப் படுகிறது. நடுவர்களில் முப்பது பேர் மாற்றி வாக்களித்திருந்தால் தப்பியிருப்பார் என்று பிளேட்டோவின் நூலில் சாக்ரடீசே சொல்கிறார்.

இதையெல்லாம் பார்த்த, சாக்ரடீசின் மாணவர் பிளேட்டோ தத்துவ அறிஞர்தான் ஆள வேண்டும் என்று எழுதியதில் வியப்பு என்ன? அவருடைய முடிவை நான் ஏற்கவில்லை. ஆனால் காரணம் தெரியாமல் முடிவை மட்டும் மனப்பாடம் செய்து என்ன பயன்?

அரிஸ்டாட்டில் வடக்கே ஸ்டாகிராவிலிருந்து வந்து குடியேறியவர். ஏதென்ஸில் அவருக்கு வாக்குரிமை கிடையாது, நிலம் வாங்கவும் முடியாது. பெண்களுக்கும் அவையில் இடமில்லை. கி.மு. 451-இல் ஏதென்ஸ் தலைவர் பெரிகிளிஸ் கொண்டுவந்த சட்டப்படி தாய் தந்தை இருவரும் ஏதென்ஸ்காரராக இருந்தால்தான் குடியுரிமை. அவரோடு வாழ்ந்த அஸ்பாசியாவோ மிலேட்டஸ் ஊர்க்காரி!

கடைசியாக ஒரு வேண்டுகோள். ‘பெரிகிளிஸ் காலம் ஏன் பொற்காலம் எனப்படுகிறது?’ என்ற ஐந்து மதிப்பெண் கேள்வியைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். பதவிகளைக் குலுக்கலில் நிரப்புவது மக்களாட்சிக்குரியது, வாக்களித்து நிரப்புவது சிலராட்சிக்குரியது என்று அரிஸ்டாட்டில் ‘அரசியல்’ நூலில் எழுதியிருக்கிறார். ஏன் அப்படிச் சொன்னார் என்று கேளுங்கள். விடைக்குறிப்பில் ஒரே பதிலை மட்டும் அச்சிட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
டியூஷன் ஆசிரியர் ஒருவர்