உளறல் அல்ல, சிக்னல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழில் வந்துகொண்டிருந்த ஜப்பான் பயணத் தொடர் ஒருவழியாக முடிந்தது. கடைசிப் பகுதியில், கான்சாய் விமான நிலையத்துக்கு ரயிலில் போனதைப் பற்றிக் கட்டுரையாளர் இப்படி எழுதியிருக்கிறார்: "டிரைவர் தன்பாட்டுக்கு விரலை நீட்டி நீட்டி ஏதோ உளறிக்கொண்டே வந்தார். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்ததில் ஊர் திரும்பும் சோகமே தெரியவில்லை."

அவர் சோகம் தீர்ந்ததில் மகிழ்ச்சி. எஞ்சினிலேயே தலை நரைத்தவன் என்பதால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த 'உளறலு'க்கு அங்கே 'ஷிசா கான்கோ' என்று பெயர். சிக்னலைக் கையால் சுட்டி, அதன் நிலையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்நாட்டு ரயில்வே தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் இதைச் சோதித்தது. நூறு செயலுக்கு 2.38 என்றிருந்த தவறு, சுட்டிச் சொன்னபோது 0.38 ஆகக் குறைந்தது. தங்களுக்குத் தெரியாததா? அவ்வளவு தூரம் எதற்கு, நம் ஊரிலேயே லோகோ பைலட்டும் அசிஸ்டென்ட்டும் ஒவ்வொரு சிக்னலையும் ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லித்தான் வண்டி ஓட்டுகிறார்கள். நடுராத்திரி, கொட்டும் மழையில் "டபுள் எல்லோ" என்று அசிஸ்டென்ட் குரல் கொடுக்க, நான் திருப்பிச் சொல்ல, பின்னால் பெட்டிகளில் ஜனங்கள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு வருவார்கள். அவர்களில் தங்கள் இதழின் வாசகர்களும் இருந்திருப்பார்கள்.

ஒசாகாவில் வேலை பார்க்கும் மகன் வீட்டில் தங்கிவிட்டு நானும் அதே தடத்தில்தான் விமான நிலையத்துக்குப் போனேன். "உட்காருங்கப்பா" என்று அவன் சொல்லியும் கேட்காமல் டிரைவர் அறைக் கண்ணாடியை ஒட்டியே நின்றேன். கையில் வெள்ளைக் கையுறை. எதிரே மேசையில் கடிகாரம் வைப்பதற்கென்றே ஒரு குழி. நேர அட்டையில் அந்தந்த ஸ்டேஷனின் வரியில் விரலை வைப்பார், கடிகாரத்தைச் சுட்டுவார், சிக்னலைச் சுட்டுவார். அதற்குப் பிறகுதான் வண்டி நகரும். எனக்கு அந்தப் பாஷையில் ஓர் எழுத்து தெரியாது. ஆனாலும் எந்த சிக்னலுக்கு என்ன சொல்கிறார் என்று புரிந்தது. கடலுக்கு மேலே மூன்றே முக்கால் கிலோமீட்டர் நீளும் அந்தப் பாலத்தில் ஏறும்போது என் கையும் தானாக நீண்டுவிட்டது. ரிட்டயர் ஆன அன்று மாலை போட்டபோது வராத கண்ணீர் அங்கே வந்தது. ஊருக்குப் போகிறேன் என்று அழுவதாகப் பேரன் நினைத்துக்கொண்டான். இருக்கட்டும்.

இதே கட்டுரையாளர் முன்பு ஒரு வாரம் "ஜப்பான் ரயில் ஒரு நொடிகூடத் தாமதிக்காது, நம்மவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும்" என்று உபதேசம் செய்தார். 2005 ஏப்ரல் 25 அன்று அமகசாகியில் நடந்ததை அவரிடம் யாரும் சொல்லவில்லை போலும். ஒன்றரை நிமிடம் பிந்திய வண்டியை 23 வயதுப் பையன் ஒருவன், 70 கிலோமீட்டர் வேகத்தில் போக வேண்டிய வளைவில் 116-இல் விட்டான். தடம்புரண்டு அடுக்குமாடிக் கட்டிடத்தில் மோதியது. அவனையும் சேர்த்து 107 பேர் போனார்கள். தாமதம் செய்தவனைப் 'பயிற்சி' என்ற பெயரில் அறிக்கை மேல் அறிக்கை எழுத வைப்பதும், புல் பிடுங்க விடுவதும் அப்போது அங்கே வழக்கம். நொடிக்கணக்கைப் புகழ்கிறவர்கள் அந்தப் பயத்தையும் சேர்த்து எழுத வேண்டாமா?

ஹிரோஷிமாவுக்கு அரைப் பத்தி, ஓட்டல் பஃபேவுக்கு இரண்டு வாரம்! குண்டு விழுந்த மூன்றாம் நாளே அந்த ஊரில் ஒரு பகுதியில் டிராம் ஓடியது. ஆண்கள் போருக்குப் போய்விட்டதால், பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகள் டிராம் ஓட்டப் பழகியிருந்த ஊர் அது. அன்று அடிபட்டுப் பிழைத்த 651, 652 எண் டிராம்கள் பழுதுபார்க்கப்பட்டுப் பல்லாண்டுகள் ஓடின. இட்லி கிடைக்காத துயரத்தில் கட்டுரையாளர் இதையெல்லாம் கவனிக்கவில்லை.

அவரை மட்டும் சொல்லி என்ன பயன்? சில வருடங்களுக்கு முன்பு ஒரு விபத்து நடந்த வாரமே, விசாரணை தொடங்கும் முன், 'தூங்கினாரா டிரைவர்?' என்று அட்டையில் போட்டது தங்கள் இதழ்தானே? கழிப்பறைகூட இல்லாத எஞ்சினில் பல மணி நேரம் உட்கார்ந்து வருகிறவனைப் பற்றி அப்போது நான் எழுதிய கடிதம் வெளிவரவில்லை. 'டிரைவர் டீ குடிக்கப் போயிருக்கார்' ஜோக் மட்டும் வருடம் தவறாமல் வருகிறது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. தொடர் நூலாக வருகிறது என்று விளம்பரம் பார்த்தேன். அதில் 'உளறிக்கொண்டே' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். ஒசாகா கோட்டைப் படத்தின் கீழ் 'டோக்கியோ அரண்மனை' என்று இருப்பதையும் திருத்திவிடுங்கள். முன்பதிவுப் பணம் ஏற்கெனவே கட்டிவிட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லோகோ பைலட்,
ஜோலார்பேட்டை