மூடு வரும் வரை காத்திருக்காதே

அன்பு மகளுக்கு,

நேற்றுப் போனில், "ஆபீஸ்ல பயணச் செலவுக் கணக்கை இன்னும் கொடுக்கலைப்பா, மூடே வரல. நான் சரியான சோம்பேறி" என்றாய். அப்போதே பதில் சொல்லியிருந்தால் அறிவுரை என்று நினைத்திருப்பாய். எழுதினாலும் அறிவுரைதான், ஆனால் இதைப் பாதியில் மடித்து வைத்துவிட்டுப் போகலாம் பார்.

முதலில் அந்தச் சோம்பேறிப் பட்டத்தை விடு. கணக்கு எழுதாத அன்று மாலை துணி அலமாரி முழுவதையும் இறக்கி அடுக்கியதாக நீயேதான் சொன்னாய். சோம்பேறி எங்கேயாவது அலமாரி அடுக்குவானா? அந்த ஒரு வேலையை நினைத்தால்தான் உனக்கு எரிச்சல். தள்ளிப்போடுவதைப் பற்றி ஃபுஷியா சிரோயிஸ், டிமோத்தி பிச்சில் என்ற இரு உளவியலாளர்கள் 2013-இல் எழுதிய கட்டுரையும் இதைத்தான் சொல்கிறது. வேலை கிளப்பும் சலிப்பையும் பதற்றத்தையும் அந்த நேரத்துக்கு விரட்டத்தான் நாம் தள்ளிப்போடுகிறோம். "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்றதும் மனசு லேசாகிறது. அந்த ருசி கண்டுவிட்டால் நாளைக்கும் அதையேதான் சொல்லத் தோன்றும்.

நான் கணக்குப் பிரிவில் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன். கடைசி நாள் மாலையில் கவர் நிறைய ரசீதுகளோடு மூச்சு வாங்க வந்து நிற்பவர்கள் பெரும்பாலும் நல்ல உழைப்பாளிகள். ஆனால் அவர்கள் நீட்டும் ரசீதைப் பார்த்தால் பாவமாக இருக்கும். டாக்ஸி, ஓட்டல் ரசீதுகள் பலவும் வெப்பத்தாளில் வருபவை. அதில் மை கிடையாது, சூடு பட்டால் கறுக்கும் பூச்சு மட்டும்தான். வெயிலிலோ வெளிச்சத்திலோ கிடந்தால் எழுத்து மங்கிவிடும். பத்திரமாக இருக்கட்டும் என்று சில வகை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டால் இன்னும் சீக்கிரம் போய்விடும். தொகை இருந்த இடத்தில் வெறும் வெள்ளை. விளக்குக்கு நேரே சாய்த்துப் பிடித்து, இது 3-ஆ 8-ஆ என்று நான் முழிப்பேன். எதிரே நிற்பவர் ரசீதைப் பார்க்க மாட்டார், என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அதனால் இன்றைக்குக் கணக்கு எழுத வேண்டாம். பையிலிருந்து ரசீதுகளை எடுத்து மேசையில் பரப்பி, ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்துக்கொள், போதும். படிவத்தைத் திறக்கவே திறக்காதே. மூடு வந்ததும் உட்காரலாம் என்று நினைக்கிறாய் அல்லவா, இந்த மாதிரி வேலைக்கு மூடு எதற்கு முன்கூட்டி வரப்போகிறது? இரண்டு ரசீதைத் தேதிப்படி வைத்துவிட்டால் மூன்றாவதற்குக் கை தானாகப் போகும். போகாவிட்டாலும் நஷ்டமில்லை, படங்கள் பத்திரமாக இருக்கின்றன.

அப்புறம், "நேரம் கிடைக்கும்போது" என்று உனக்கு நீயே சொல்லிக்கொள்ளாதே. அப்படி ஒரு நேரம் கிடைத்ததை நான் பார்த்ததில்லை. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் ஆராய்ந்து, 1999-இல் விரிவாக எழுதியிருக்கிறார்: "செய்வேன்" என்று முடிவெடுப்பதைவிட, "இது நடந்ததும் அதைச் செய்வேன்" என்று முடிச்சுப் போட்டு வைப்பவர்கள் அதிகம் செய்து முடிக்கிறார்கள். ராத்திரி சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்ததும் ரசீதை எடுப்பேன் என்று வைத்துக்கொள். தட்டு கழுவுவதைத் தள்ளிப்போட்டால் நான் ஒன்றும் செய்ய முடியாது.

இருபத்தைந்து நிமிடம் வேலை, ஐந்து நிமிடம் ஓய்வு என்று ஒரு முறை உண்டு. பிரான்செஸ்கோ சிரிலோ என்பவர் 1980-களின் கடைசியில் தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை வைத்துத் தொடங்கியது. பலருக்கு ஒத்துவருகிறது. நீ கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய், உனக்கு வேண்டாம்.

உனக்குச் சரிப்படுவது வேறு. கேத்தி மில்க்மன் குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், ஆவலைத் தூண்டும் ஒலிப்புத்தகங்களை உடற்பயிற்சிக் கூடத்தில் மட்டுமே கேட்க முடியும் என்று வைத்தார்கள். அப்படி வைக்காதவர்களைவிட இவர்கள் தொடக்கத்தில் 51 சதவீதம் அதிகமாகக் கூடத்துக்குப் போனார்கள். ஆடு மேய்த்த மாதிரியும் ஆயிற்று, அண்ணனுக்குப் பெண் பார்த்த மாதிரியும் ஆயிற்று. இடையில் ஒரு விடுமுறை வந்ததும் அந்த வேகம் வெகுவாகக் குறைந்துவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஒரே உத்தி காலத்துக்கும் ஓடாது. நீ விடாமல் கேட்கும் அந்தத் துப்பறியும் தொடரை ரசீது அடுக்கும்போது மட்டும் கேள். தொகை கூட்டும்போது நிறுத்திவிடு. பழைய கணக்குப்பிள்ளை சொல்கிறேன், காதில் கொலை நடந்தால் கூட்டல் தப்பும்.

எல்லாச் சலிப்பு வேலையையும் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்றும் சொல்லவில்லை. செய்யாமலே விட்டால் யாருக்கும் எதுவும் ஆகாத வேலைகள் நிறைய உண்டு, அவற்றைத் தயங்காமல் பட்டியலிலிருந்து அடித்துவிடு. ஆனால் இது உன் கைக்காசு அம்மா.

போன மாதம் கொடுக்காமல் விட்டதற்காக உன்னையே திட்டிக்கொண்டும் இருக்காதே. மைக்கேல் வோல் என்ற உளவியலாளரின் குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில் முதலாண்டுக் கல்லூரி மாணவர்களைப் பார்த்தார்கள். முதல் தேர்வுக்குப் படிப்பதைத் தள்ளிப்போட்டவர்களில், அதற்காகத் தங்களை மன்னித்துவிட்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். இதை உன் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "செல்லம் கொடுப்பதற்கும் ஆராய்ச்சியைத் தேடிப் பிடிக்கிறீர்கள்" என்கிறாள். அவளுக்கு எதையும் தள்ளிப்போட்டுப் பழக்கமில்லை, அதனால் இந்த விஷயத்தில் அவளிடம் யோசனை கேட்காதே.

ஞாயிறு காலை வீடியோ காலில் வா. பேச வேண்டாம். நீ படிவத்தை நிரப்பு, நான் இந்தப் பக்கம் பழைய கோப்புகளைக் கிழிக்கிறேன். எனக்கும் அது வெகுநாளாக நிற்கிற வேலைதான், துணைக்கு ஆள் இருந்தால் நகரும். அம்மா குறுக்கே வந்து பேசினால் நான் பொறுப்பில்லை.

அன்புடன்,
அப்பா