மாயக்கதை அலமாரியை நிரப்பித் தந்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

வணக்கம். “எங்க அடுக்ககப் பிள்ளைங்களுக்கு மாயாஜாலக் கதைப் புத்தகம் நல்லதா நாலு சொல்லுங்க” என்று கோடை விடுமுறைக்கு முன்பு உங்களில் பலரைத் தொந்தரவு செய்திருந்தேன். நாலு கேட்ட இடத்தில் மாடிப்படிக்குக் கீழிருந்த அலமாரியே நிறைந்துவிட்டது. ஆளுக்கு ஆள் வாசலில் நின்று சொன்ன நன்றி போதவில்லை. அதனால் இந்த மடல்.

ஹாரி பாட்டரை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அது இங்கே பாதிப் பேருக்கு மனப்பாடம். அதை முடித்தவர்களுக்கு அடுத்து என்ன கொடுப்பது என்பதுதான் கேள்வியாக இருந்தது. பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போகாமல், எந்தப் பிள்ளைக்கு, எந்த வயதில், எங்கே பொறுமை வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னீர்களே, அதுதான் பெரிய உதவி.

மூன்றாவது மாடி ஆங்கில டீச்சரம்மாவை முதலில் சொல்ல வேண்டும். அர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய ‘எ விஸார்ட் ஆஃப் எர்த்ஸீ’யைத் தன் சொந்தப் பிரதியாகவே கொடுத்தார். மந்திரவாதிகளுக்கான பள்ளிக்கூடம் அதிலும் உண்டு. அங்கே படிக்கும் கெட் என்ற பழுப்பு நிறப் பையன், வீம்புக்கு ஒரு மந்திரத்தைச் சொல்லப்போய், நிழல் ஒன்றை உலகத்துக்குள் விட்டுவிடுகிறான். அது அவனையே துரத்துகிறது. “பன்னிரண்டு வயசுக்குக் கீழே வேண்டாம். ஆரம்பம் மெதுவாத்தான் போகும், நிழல் வர்ற வரைக்கும் பொறுத்துக்கச் சொல்லுங்க” என்றார் டீச்சர். அந்த ஒரு வார்த்தை இல்லாவிட்டால் இங்கே இரண்டு பேர் இருபதாம் பக்கத்திலேயே மூடியிருப்பார்கள்.

அடுத்து, ‘பெர்சி ஜாக்சன்’ வரிசையைச் சொன்ன அலுவலக நண்பர். ரிக் ரியார்டன் தன் மகனுக்குத் தூங்கும் நேரத்தில் கிரேக்கப் புராணக் கதைகளைச் சொல்லிச் சொல்லி, அவை தீர்ந்துபோனதும் புதிதாகக் கட்டிய கதை அது. முதல் புத்தகம் 2005இல் வந்தது. மகனுக்கு டிஸ்லெக்சியாவும் (எழுத்துகளைப் படிப்பதில் வரும் சிரமம்) ஏடிஹெச்டியும் (கவனம் நிலைக்காமல், சும்மா இருக்க முடியாமல் போவது) இருந்தன. கதைநாயகனுக்கும் இரண்டையும் கொடுத்துவிட்டார். பெர்சியின் மூளை பழைய கிரேக்கத்துக்குப் பழகியது, அதனால்தான் ஆங்கில எழுத்துகள் மிதக்கின்றன, சும்மா உட்கார முடியாதது போர்க்களத்துக்கான சுறுசுறுப்பு என்று கதைக்குள்ளேயே ஒரு விளக்கம் வரும். எழுத்துக்கூட்டவே சிரமப்படுவான், சோம்பேறி என்று பெயர் வாங்கிய பையன் ஒருவன் எங்கள் பிளாக்கில் இருக்கிறான். வரிக்குக் கீழே ஸ்கேலை வைத்து நகர்த்திக்கொண்டே, வாய்விட்டுப் படித்து, முதல் பாகத்தை முடித்துவிட்டான். நண்பரே, அவன் அம்மா உங்களுக்குத் தனியாக நன்றி சொல்லச் சொன்னார்.

தமிழில் என்ன இருக்கிறது என்று கேட்டபோது நூலகர் உடனே எடுத்துத் தந்தவை இரண்டு: கீழடியை வைத்து உதயசங்கர் எழுதி, 2023இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்ற ‘ஆதனின் பொம்மை’, ஜெயமோகனின் ‘பனிமனிதன்’. இரண்டுமே நல்ல ஓட்டம். ஆனாலும் கூட்டம் கூடியது பெரியம்மா ஒருவர் பைண்டு பண்ணி வைத்திருந்த பழைய அம்புலிமாமாவுக்குத்தான். சங்கர் வரைந்த அந்தப் படம், கையில் வாளும் தோளில் பிணமுமாக விக்கிரமன் நடப்பது, இன்றைக்கும் பிள்ளைகளை அப்படியே நிறுத்துகிறது. வேதாளம் கேள்வி கேட்டதும் பக்கத்தைத் திருப்பக்கூடாது என்று அவர்களே சட்டம் போட்டுக்கொண்டார்கள். “தெரிஞ்சும் சொல்லலைன்னா தலை வெடிச்சிடும், சீக்கிரம் சொல்லு” என்று மாடி அதிரச் சண்டை.

பேய், சூனியக்காரி எல்லாம் பிள்ளைகளுக்கு வேண்டாமே என்றவருக்கும் நன்றி. அக்கறையில் சொன்னது புரிகிறது. ஆனால் அவற்றை எடுத்துவிட்டால் அலமாரியில் மிஞ்சுவது அலமாரிதான்.

கடைசியாக, ‘தி ஹாபிட்’டோடு ஒரு கதையையும் கொடுத்த மாமாவுக்கு. டோல்கீனின் கையெழுத்துப் பிரதி வந்தபோது, பதிப்பாளர் ஸ்டான்லி அன்வின் அதைத் தன் பத்து வயது மகன் ரேய்னரிடம் கொடுத்துக் கருத்துக் கேட்டாராம். கூலி ஒரு ஷில்லிங். ஐந்திலிருந்து ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று பெரிய மனுஷத் தோரணையில் எழுதிக்கொடுத்தான் பையன். 1937இல் புத்தகம் வந்தது. இதைக் கேட்டதிலிருந்து எங்கள் அலமாரியில் ஒரு நோட்டு தொங்குகிறது. படித்தவர் நாலு வரி எழுத வேண்டும், கூலி ஒரு கடலைமிட்டாய். ‘ஹாபிட்’டுக்கு வந்த முதல் தீர்ப்பு: “டிராகன் சூப்பர். பாட்டு நிறைய வருது, தாண்டிப் படிக்கலாம்.” மாமா கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இரவல் தந்தவர்களுக்கு: எல்லாப் புத்தகமும் பத்திரம். ரோல்ட் டாலின் ‘தி பிஎஃப்ஜி’ மட்டும் கைமாறிக் கைமாறி அட்டை கழன்றுவிட்டது, புதுப்பிரதி வாங்கித் தந்துவிடுகிறேன். எர்த்ஸீ இரண்டாம் பாகத்துக்கு இப்போதே வரிசை நிற்கிறது. யாரிடமாவது இருந்தால், மாடிப்படிப் பக்கம் வரும்போது கொண்டுவாருங்கள்.

நன்றியுடன்,
தரைத்தள வீட்டுக்காரர்