கட்டிலருகே நின்று சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவமனை அனுபவங்கள் குறித்துத் தங்கள் இதழில் வரும் கடிதங்களில் பெரும்பாலும் நோயாளிகளின் குரலே கேட்கிறது. 1979 முதல் 2014 வரை சேலம் மாவட்டத்தில் செவிலியராக இருந்து, சென்ற ஆண்டு இடுப்பெலும்பு முறிந்து பதினொரு நாள் கட்டிலில் கிடந்தவள் என்பதால், இரண்டு பக்கத்தையும் அறிந்தவளாக இதை எழுதுகிறேன்.

நான் வேலையில் சேர்ந்த காலத்தில் ஊசியையும் கண்ணாடிச் சிரிஞ்சையும் ஸ்டெரிலைசரில் 20 நிமிடம் கொதிக்கவைப்போம். மழுங்கிய ஊசியைக் கல்லில் தீட்டுவோம். கையுறையைக் கழுவி உலர்த்தி, ஓட்டை பார்த்து, பவுடர் தூவி மறுபடி எடுத்துவைப்போம். அந்தக் காலம் திரும்பாதா என்று ஏங்குகிறவள் அல்ல நான். மழுங்கிய ஊசியை வாங்கிக்கொண்டவர்களின் முகங்கள் இன்னும் நினைவிருக்கின்றன.

சேலத்தில் 1986-இல் மருத்துவக் கல்லூரி தொடங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, நான் ஏற்காட்டில் பணியிலிருந்தபோது, ஒரு மழை இரவில், அந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்த பெண் ஒருவரை மூங்கில் கழியில் கட்டிய போர்வைத் தூளியில் சுமந்துவந்தார்கள். வீட்டிலேயே பிரசவமாகி, உதிரப்போக்கு நிற்காமல் இருந்தது. 108 ஆம்புலன்ஸ் தமிழகத்துக்கு 2008-இல்தான் வந்தது. அன்று எங்களுக்குக் கிடைத்தது ஓர் எஸ்டேட் ஜீப். கணவர் குளுக்கோஸ் பாட்டிலை உயர்த்திப் பிடித்திருக்க, கர்ப்பப்பை தளர்ந்துவிடாதபடி அவருடைய அடிவயிற்றைத் தேய்த்துக்கொண்டே சேலத்துக்கு இறங்கினேன். அந்தச் சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். அவர் நினைவிழந்துவிடக் கூடாதே என்ற பயத்தில், “முழிச்சுக்க கண்ணு, இன்னும் பன்னண்டு வளைவுதான், இதோ பதினொண்ணு” என்று விடாமல் சொல்லிவந்தேன். பிழைத்தார். சில மாதங்கள் கழித்துக் குழந்தைக்குத் தடுப்பூசி போட வந்தவருக்கு மருந்தோ பாட்டிலோ நினைவில் இல்லை. “வளைவ எண்ணிக்கிட்டே வந்தீங்களே, அதத்தான் புடிச்சிக்கிட்டுக் கெடந்தேன்” என்றார். மரியாதைக்குச் சொல்கிறார் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

கடந்த ஆண்டு நான் சேர்ந்த மருத்துவமனையில் சுத்தத்துக்கோ சிகிச்சைக்கோ குறைவில்லை. ஆனால், இரவில் கையில் ஏறும் ஊசி எதற்கென்று கேட்டால், “டாக்டர் எழுதியிருக்கார்ம்மா” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பெட் பேனுக்காக அழைத்துவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி 25 நிமிடம் கிடந்த ஓர் இரவும் உண்டு. அன்று பணியிலிருந்த செவிலியரைக் கோபிக்க எனக்கு உரிமையில்லை. 22 கட்டில்களுக்கு அவர் ஒருவர்தான். “இதோ வர்றேன்” என்ற அதே சொல்லை என் வாயும் எத்தனையோ ஆயிரம் முறை சொல்லியிருக்கும்.

எனக்கு உறுத்தியது டூட்டி மாறும் நேரம். வார்டின் கோடியில் உள்ள மேசையில் கேஸ் ஷீட்டை வைத்துக்கொண்டு இருவர் தணிந்த குரலில் பேசுவார்கள், இடையில் என் கட்டில் எண் காதில் விழும், ஒருவர் திரும்பி என்னைப் பார்ப்பார், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்கு என்ன பொருள் என்று இரவெல்லாம் யோசித்துக் கிடந்தேன். முப்பத்தைந்து ஆண்டுகள் நானும் அதே போன்ற மேசையருகே நின்றுதான் பொறுப்பை ஒப்படைத்தேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

ஆகவே, அரசு, தனியார் என்ற வேறுபாடின்றி நம் மாவட்ட மருத்துவமனைகளை நடத்துவோரிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். டூட்டி ஒப்படைப்பைக் கட்டிலருகே, நோயாளியின் காதில் விழும்படி செய்யச் சொல்லுங்கள். பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்கக் கூடாத செய்தியை மட்டும் மேசையில் பேசிக்கொள்ளலாம். ஒருவருக்கு ஒரு நிமிடம் என்றாலும் 22 நிமிடம் ஆகும், அதற்கு ஆள் எங்கே என்று கேட்பார்கள், நியாயமான கேள்விதான். பொது வார்டில், மாணவர்கள் பயிலும் போதனா மருத்துவமனையானால் 3 நோயாளிகளுக்கும், மற்றவற்றில் 5 நோயாளிகளுக்கும் ஒரு செவிலியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த அளவு. அந்தக் கணக்கில் என் வார்டுக்கு அவர் ஒருவர் போதவே போதாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
அஸ்தம்பட்டி, சேலம்.